சோழவரத்தில் சோளம்

எங்கள் ஊர்ப் பெயரை எங்கள் ஊர்க்காரர்களே சரியாகச் சொல்வதில்லை. பலகையில் சோழவரம், வாயில் சோளவரம். அதனால் 2023-இல் கழனியில் மக்காச்சோளம் போடப்போகிறேன் என்று டீக்கடையில் சொன்னபோது யாரும் ஆச்சரியப்படவில்லை, சிரித்தார்கள். "சோளவரத்துல சோளம் போடாம கரும்பா போடுவ?" என்றார் பக்கத்துக் கழனிக்காரர். சித்தப்பா முறை வைத்து நான் கூப்பிடுகிறவர். டீயைக் குடித்து முடித்ததும் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய்க் கேட்டார்: "வெளையாட்டு இருக்கட்டும்பா. நெல்லுக் கயினியில அது நிக்குமா?"

நின்றதா என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுமை இல்லாதவர்கள் படைப்புழு வரும் இடத்துக்கு நேராகப் போய்விடலாம், எல்லாரும் என்னிடம் கேட்பது அதைத்தான்.

முதலில் ஊர். சென்னையிலிருந்து கொல்கத்தா போகிற சாலையில் செங்குன்றம் தாண்டினால் நாங்கள். பெருமை என்று சொல்லிக்கொள்ள இரண்டு உண்டு. ஒன்று ஏரி. 1870-களில் வெள்ளைக்காரன், கொசஸ்தலையாற்றுத் தண்ணீரைத் தாமரைப்பாக்கத்தில் அணை கட்டித் திருப்பி, எங்கள் ஏரிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து புழலுக்கு விட்டு, சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தான். இன்றைக்கும் அதே ஏற்பாடுதான். கரையில் ஏறி நின்றால் ஒரு டிஎம்சிக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கிற தண்ணீர் கண்ணை நிறைக்கும். என் கழனிக்கு அதில் ஒரு சொட்டு கிடையாது. எனக்கு போர் தண்ணீர்தான். இரண்டாவது பெருமை, இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். பிறகு அதில் கார் ரேஸ் ஓடியது. இருங்காட்டுக்கோட்டையில் புதுத் தடம் வந்ததும் சத்தம் அடங்கிப்போனது. ரேஸ் நடந்த நாட்களில் மாடு பால் சுரக்காது என்று அப்பா இன்னும் சத்தியம் செய்கிறார்.

இப்போது எங்களுக்குச் சத்தம் லாரி. சாலையின் இரண்டு பக்கமும் குடோன். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், கிழக்கே எண்ணூர், மீஞ்சூர். நானே கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் ஆள், மூன்று ஷிப்டும் உண்டு. காரனோடைக்கு அந்தப் பக்கம், ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு காணி அப்பாவுடையது. சென்ட் கணக்கில் 132. பாதி மேடு, மணல் கலந்த வண்டல். பாதி பள்ளம், களி. இந்த மேடு பள்ளம் பின்னால் கதைக்கு வேண்டும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருவள்ளூர் மாவட்டம் நெல் மாவட்டம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் நெல்லையே போட்டுப் பழகிய மண். திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.எம் 9, டி.கே.எம் 13 என்றெல்லாம் கேள்விப்படுகிறீர்களே, அந்த டி.கே.எம் என்பது திரூர்க்குப்பம்தான். செங்குன்றத்தில் அரிசி ஆலைகள். ஆக நெல்லை விட்டு வேறு எதை நினைத்தாலும் வீட்டில் ஒரு மௌனம் விழும். ஆனால் நடவுக்கு ஆள் எங்கே? நடவு நட்ட பெண்களின் பிள்ளைகள் எல்லாரும் குடோனில் ஸ்கேனர் பிடிக்கிறார்கள். அப்பாவுக்கு முட்டி வலி. அந்த நேரம் பார்த்து யூடியூப் எனக்கு ஒரு மக்காச்சோள வீடியோவைக் காட்டியது. கருவியால் விதைக்கலாம், களைக்கு மருந்து அடிக்கலாம், இயந்திரத்தால் அறுக்கலாம், அப்புறம் மூட்டை மூட்டையாகப் பணம். பின்னணியில் இசை வேறு.

வீடியோ சொல்லாதது ஒன்று. அந்தக் கழனிகள் எல்லாம் பெரம்பலூர், அரியலூர், சேலம் பக்கம். அங்கே மானாவாரி மண் இருக்கிறது, வாங்குவதற்கு நாமக்கல் கோழிப்பண்ணைகள் இருக்கின்றன. கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம்தான் என்பதால் அந்தப் பக்கம் வியாபாரிகள் களத்துக்கே வந்து எடுக்கிறார்கள். எனக்குக் களமும் கிடையாது, வியாபாரியும் கிடையாது. இது எனக்குத் தோன்றவில்லை. மாதச் சம்பளக்காரனின் விவசாயம் இப்படித்தான், விதைக்கும் முன் விற்பனையை யோசிக்காது.

ஆவணி பிறந்த கையோடு விதைத்தேன். ஆகஸ்ட் 20. ஆடியிலேயே போட்டிருக்க வேண்டும், லீவு கிடைக்கவில்லை. பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி ஏக்கருக்கு 8 கிலோ வீரிய ஒட்டு விதை, வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25. கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 27,000 செடி. நெல்லில் செடியை யார் எண்ணுகிறார்கள்? பத்துக் குத்து போனாலும் பக்கத்துக் குத்து தூர் கட்டி இடத்தை மூடிவிடும். மக்காச்சோளம் தூர் கட்டாது. ஒரு விதை முளைக்காவிட்டால் அந்த இடம் அறுவடை வரை காலி. அந்த ஒரு கதிர் போனது போனதுதான். முதல் வாரத்திலேயே இந்தப் பயிரின் குணம் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. நெல் பொறுத்துக்கொள்ளும் சாதி, இது அப்படி இல்லை.

உரத்திலும் அதே குணம். வீரிய ஒட்டு ரகத்துக்கு ஏக்கருக்கு 100 கிலோ தழைச்சத்து, 30 மணிச்சத்து, 30 சாம்பல்சத்து. தழைச்சத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: கால் பங்கு அடியுரம், பாதி 25-ஆம் நாள், மீதி கால் 45-ஆம் நாள். கூடவே 15 கிலோ துத்தநாக சல்பேட். துத்தநாகம் எதற்கு என்று விட்டுவிட்டால், இளம் செடியின் குருத்து வெளுத்து வரும். வெள்ளைக் குருத்து என்பார்கள். எனக்கு வந்தது, பள்ளத்துப் பாதியில். நெல் கட்டிக் கட்டி, தண்ணீர் நின்று நின்று இறுகிப்போன மண் அது. உழவு ஓட்டினால் மண்ணாக வராது, செங்கல்லாக வரும். ஈரப் பதம் பார்த்து, அந்த இரண்டு மூன்று நாளுக்குள் ரோட்டவேட்டர் விட்டால்தான் உடையும். நான் ஞாயிற்றுக்கிழமை பார்த்து விட்டேன்.

அப்படி இப்படி என்று ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, கதிர் தள்ளி, முத்துப் பிடித்து, நவம்பர் கடைசியில் மட்டை காயத் தொடங்கியது. சித்தப்பா வந்து பார்த்துவிட்டு "நின்னுடுச்சிப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இதைப் போட்டிருக்கலாம் என்று அன்று நினைத்தேன். முத்தின் ஈரம் 14 சதவீதத்துக்கு வர வேண்டும் என்று போனில் ஒரு வியாபாரி சொன்னார். இன்னும் ஒரு வாரம் செடியிலேயே காயட்டும் என்று விட்டேன்.

டிசம்பர் 3 இரவு மிக்ஜாம் புயல்.

அந்த இரண்டு நாளைப் பற்றிச் சென்னைக்காரர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, எண்ணூர் எண்ணெய்ப் படலம். எங்கள் பக்கம் கழனி எது, சாலை எது, ஆறு எது என்று தெரியவில்லை. தண்ணீர் வடிந்து நான் உள்ளே போனபோது மேட்டுப் பாதியில் செடிகள் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன, யாரோ சீப்பால் வாரிவிட்ட மாதிரி. பள்ளத்தில் முழங்காலுக்குச் சேறு. மட்டையை உரித்தால் கதிரிலேயே முளை விட்டிருந்தது. முளைக்காதவற்றில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வரும். கோழிக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது, பாலில்கூட இறங்கும். மத்திய அரசு அந்த ஆண்டு குவிண்டாலுக்கு அறிவித்திருந்த ஆதரவு விலை 2,090 ரூபாய். எனக்கு அது செய்தித்தாளில் படித்த எண் மட்டும்தான். போன் வியாபாரி அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

வடகிழக்குப் பருவமழை முழு வீச்சில் கொட்டுகிற கடலோர மாவட்டத்தில், கார்த்திகையில் காய வேண்டிய தானியத்தை ஆவணியில் விதைத்தவனுக்குப் புயலைத் திட்ட உரிமை இல்லை. சித்தப்பா அதைச் சொல்லவில்லை. வரப்பில் நின்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "தை பொறக்கட்டும்" என்றார்.

அந்த மார்கழி முழுக்க நைட் ஷிப்டில் இதே யோசனை. தானியம் நம் ஊருக்கு வேலைக்கு ஆகாது, சரி. நம் ஊரில் என்ன இருக்கிறது? ஒரு மணி நேரத்தில் கோயம்பேடு இருக்கிறது. சுற்றிலும் பத்தாயிரக்கணக்கில் வெளியூர்த் தொழிலாளிகள் இருக்கிறார்கள். மாதவரம், செங்குன்றம், சோழவரம் எங்கும் பால் மாடு இருக்கிறது, புல் இல்லை. புல் முளைத்த இடமெல்லாம் குடோனாகிவிட்டது. அப்படியானால் விற்க வேண்டியது காய்ந்த மக்காச்சோளம் இல்லை, பச்சை. மனிதனுக்கு ஸ்வீட் கார்ன், மாட்டுக்குத் தட்டை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு புயல் தேவைப்பட்டது.

தை மாதம், ஜனவரி 20, 2024. மேட்டுப் பாதியில் மட்டும் ஸ்வீட் கார்ன். சுகர் 75 விதை. முதன்முதலில் பாக்கெட்டைப் பிரித்தபோது ஏமாற்றிவிட்டார்களோ என்று நினைத்தேன். விதை சுருங்கிச் சப்பையாக இருந்தது. மாவாக மாறாமல் சர்க்கரையாகவே நிற்கும் முத்து காய்ந்தால் அப்படித்தான் வற்றிவிடும் என்று பிறகு தெரிந்தது. எடை குறைவு என்பதால் ஏக்கருக்கு 3, 4 கிலோ போதும். ஆனால் விதைக்குள் சோறு கம்மி, அதனால் ஆழமாகப் போட்டால் மேலே வர மூச்சு இருக்காது. விரல் கணு ஆழம், அவ்வளவுதான்.

இந்த முறை சொட்டுநீர் போட்டேன். சிறு, குறு விவசாயிகளுக்கு இங்கே 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று என்று பேப்பர் சேர்க்கத் தெரிந்தால் போதும். உரத்தையும் குழாய் வழியாகவே விடலாம். ஆனால் டி.ஏ.பி-யைக் கரைத்து ஊற்றாதீர்கள். முழுசாகக் கரையாது, துளை அடைத்துக்கொள்ளும். யூரியா கரையும், 19:19:19 கரையும், வெள்ளை பொட்டாஷ் கரையும். மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் ஒன்று. கும்மிடிப்பூண்டியில் இருந்துகொண்டே போனில் மோட்டாரை ஓட விடலாம், நிறுத்தலாம். கேன்டீனில் எல்லாருக்கும் காட்டினேன். "நவீன விவசாயிடா" என்று கிண்டல் செய்தார்கள். உள்ளுக்குள் குளிர்ந்தது உண்மை.

பதினைந்தாம் நாள் ஒரு பசு மாடு புகுந்து நாலு வரிசையை மொட்டையடித்துவிட்டது. மாட்டுக்காரரோடு சண்டைக்கே போய்விட்டேன். சித்தப்பாதான் தடுத்தார். "வேர்ல இருக்குது உசுரு, வரும் பாரு." வந்தது. ஆறு இலை வரும் வரைக்கும் மக்காச்சோளத்தின் வளரும் நுனி மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது. மேலே தெரிவது வெறும் இலைச் சுருள். மாடு மேய்ந்தால் மீளும். ஆனால் அதே காரணத்தால், அந்த வயதில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினால் நுனியே மூச்சு முட்டிச் செத்துவிடும். முந்தைய ஆவணியில் என் பள்ளத்துப் பாதி ஏன் சொட்டை சொட்டையாக நின்றது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, படைப்புழு.

இது அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016-இல் ஆப்பிரிக்காவில் இறங்கி, 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கம் முதன்முதலில் இந்தியாவில் கண்ணில் பட்டது. அதே வருடம் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்தது. அரசு நிவாரணம் கொடுக்கிற அளவுக்குப் போனது. தாய் அந்துப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் பறக்கும். ஆயிரத்துக்கு மேல் முட்டை வைக்கும், குவியல் குவியலாக, மேலே ரோமப் போர்வை போர்த்தி. மக்காச்சோளமே போடாத ஊரில் அது எப்படி வரும் என்று நான் அசட்டையாக இருந்தேன். முந்தைய பயிரில் பெரிதாகத் தெரியவில்லை. ஆவணி மழை குட்டிப் புழுவை அடித்துப் போயிருக்க வேண்டும். தையில் மழை ஏது?

மூன்றாவது வாரம், இலையில் சின்னச் சின்ன ஜன்னல்கள். பச்சையை மட்டும் சுரண்டிவிட்டுக் கண்ணாடித் தாள் மாதிரி விட்டிருந்தது. நான் அதைச் சத்துக் குறைவு என்று நினைத்தேன்! நாலு நாள் கழித்து வந்தபோது குருத்துக்குள் மரத்தூள் கொட்டியது போல எச்சம். விரலால் குருத்தைப் பிரித்தேன், உள்ளே சொகுசாகப் படுத்திருந்தது. தலையில் தலைகீழாக ஒரு ஒய் எழுத்து, வாலுக்கு முன்னால் சதுரமாக நாலு கறுப்புப் புள்ளி. இந்த இரண்டையும் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், அதுதான்.

புழுப் பருவம் மொத்தமே இரண்டு, மூன்று வாரம். அதில் முதல் வாரப் புழு சாகும், கடைசி வாரப் புழு சிரிக்கும். பெரிய புழு குருத்துக்குள் தன் எச்சத்தாலேயே அடைப்புப் போட்டுக்கொள்கிறது, மருந்து இறங்காது. அதனால் வெயிலில் அடித்துப் பிரயோசனம் இல்லை. காலையிலோ மாலையிலோ, கைத்தெளிப்பான் முனையைக் குருத்துக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு செடியாக. எமாமெக்டின் பென்சோயேட் என்றால் 10 லிட்டர் டேங்குக்கு 4 கிராம், குளோரான்ட்ரனிலிப்ரோல் என்றால் 4 மில்லி, ஸ்பைனடோரம் என்றால் 5 மில்லி. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது, பழகிவிடும். கதிர் பறிக்கும் காலம் நெருங்கிவிட்டால் எதுவுமே கூடாது, பச்சையாகத் தின்னப்போகிற பொருள். கிராமப் பக்கம் இன்னொரு வழியும் உண்டு: ஒன்பது பங்கு மணலில் ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்தில் ஒரு சிட்டிகை போடுவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், அறுபது எழுபது சென்ட் வரைக்கும் கையால் செய்துவிடலாம். நான் அதையும் செய்தேன், அம்மாவும் மனைவியுமாகச் சேர்ந்து, கோலப்பொடி தூவுவது போல.

ட்ரோன் அடிக்கலாமே என்று கேட்பீர்கள். ஏக்கரைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடும், பத்து லிட்டர் தண்ணீரில். ஆள் உயரப் பயிருக்கு வரப்பிரசாதம்தான். என் கழனிக்கு ஒரு பக்கம் உயர் அழுத்த மின்கம்பி, மறுபக்கம் குடோன் மதில். ஓட்டுகிற பையன் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனான்.

உண்மையில் எனக்கு உதவியது விலை மலிந்த சமாச்சாரம், இனக்கவர்ச்சிப் பொறி. கண்காணிக்க ஏக்கருக்கு ஐந்து போதும். பெண் வாசனை என்று நம்பி ஆண் அந்து வந்து புனலுக்குள் விழும். தினம் எண்ண வேண்டும். எண்ணிக்கை ஏறுகிறதென்றால் இன்னும் சில நாளில் முட்டை, பின்னாலேயே புழு. இது எனக்குப் பழகிய வேலை. தொழிற்சாலையில் பேரிங் சூட்டை அளந்து பார்த்து எழுதுகிறவன்தானே நான்.

அப்புறம் பூ. மக்காச்சோளத்தில் ஆண் தனி, பெண் தனி. உச்சியில் கொண்டை ஆண். இடுப்பில் கதிர் பெண். கதிரின் நுனியில் தொங்குகிற நூல் அலங்காரத்துக்கு இல்லை. ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு முத்துக்குப் போகிற பாதை. மேலேயிருந்து காற்றில் விழுகிற மகரந்தம் எந்த நூலில் ஒட்டுகிறதோ அந்த நூலின் அடியில்தான் முத்து. ஒட்டாவிட்டால் அந்த இடம் பொக்கை. எல்லாம் ஒரு வாரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். அந்த வாரம் தண்ணீர் குறைந்தால் நூல் வெளியே வரத் தாமதிக்கும், கொண்டை மட்டும் காத்திராமல் கொட்டித் தீர்த்துவிடும். முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வந்து பெண் வராத கதை.

என் கதை அதுதான். மார்ச் இரண்டாவது வாரம் எனக்கு நைட் ஷிப்ட். தினம் இரவு கேன்டீனில் உட்கார்ந்து போனில் மோட்டாரைப் போட்டேன், இரண்டு மணி நேரம் கழித்து நிறுத்தினேன். போன் ஒவ்வொரு முறையும் 'மோட்டார் ஓடுகிறது' என்று பச்சை விளக்குக் காட்டியது. ஓடியதும் உண்மை. பகலில் தூங்கி எழுந்து தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போவேன், பச்சையாகத்தான் இருந்தது. நாலாம் நாள் உள்ளே நடந்தால், ஆரம்பத்திலேயே பக்கக் குழாயை அணில் கடித்து வைத்திருக்கிறது. தண்ணீர் முழுக்க ஒரே இடத்தில் குளமாகக் கொட்டி, வாய்க்கால் வழியாக ஆற்றுக்கே திரும்பிப் போயிருக்கிறது. கடைசிப் பத்து வரிசையில் இலை சுருட்டுப் போலச் சுருண்டு நின்றது. பங்குனி வெயில் வேறு.

அந்தப் பத்து வரிசையை என்ன செய்தும் திருப்ப முடியவில்லை. பின்னால் விட்ட தண்ணீரெல்லாம் தட்டையை வளர்த்தது, கதிரை நிரப்பவில்லை.

நூல் வெளிவந்து இருபது நாளில் பறிக்க வேண்டும். நூல் பழுப்பாகிக் காய்ந்திருக்கும், முத்தை நகத்தால் கீறினால் பால் தெறிக்கும். தண்ணீராகத் தெறித்தால் பிஞ்சு, மாவாக வந்தால் முற்றல். இந்தப் பால் பருவம் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். பறித்த நிமிடத்திலிருந்து சர்க்கரை குறைந்துகொண்டே வரும், சூட்டில் இன்னும் வேகமாக. அதனால் விடிகாலையில் டார்ச் வெளிச்சத்தில் பறித்து, ஏழு மணிக்குள் கோயம்பேடு. நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பது எங்கள் தண்ணீருக்கு எமன், ஸ்வீட் கார்னுக்கு மட்டும் யோகம்.

பொக்கை விழுந்த கதிர்களைக் கோயம்பேட்டில் யாரும் தொடவில்லை. சாக்கில் கட்டி ஷிப்டுக்கு எடுத்துப் போனேன், சும்மா கொடுக்கலாம் என்று. எங்கள் லைனில் பீகார் பையன் ஒருவன், புர்ணியா பக்கம். ஒரு கதிரை உரித்தான். சிரித்தான். "அண்ணா, பூ டைம் தண்ணி இல்லே போச்சு?" நான் எதுவுமே சொல்லவில்லை. கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த நாள் காய்ந்தது, எந்த நாள் தண்ணீர் வந்தது என்று விரல் வைத்துக் காட்டினான். நூல் அடியிலிருந்து நுனிக்கு வரிசையாக வெளிவரும். அதனால் அடியில் முத்து நிரம்பி நடுவில் பொக்கை என்றால் நடுவில்தான் கோளாறு. அவன் ஊரில் கோசி ஆற்றுப் பக்கம் குளிர்காலத்தில் மக்காச்சோளம்தான் பயிர். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்துக் கோடையில் அறுப்பார்கள். பிறந்ததிலிருந்து பார்த்தவன். நான் யூடியூபில் ஒரு வருடம் படித்ததை அவன் ஒரு கதிரில் படித்துவிட்டான். மூன்று வருடமாகப் பக்கத்து மெஷினில் நின்றவனிடம் நான் ஒரு நாளும் ஊரில் என்ன பயிர் என்று கேட்டதில்லை.

அன்று இரவு அவனும் அவன் ஊர்ப் பையன்களும் தங்கிய அறையில் அந்தப் பொக்கைக் கதிர்களைக் கரியில் வாட்டி, எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி உப்பு மிளகாய்த்தூளில் தொட்டுத் தேய்த்துத் தின்றோம். புட்டா என்கிறார்கள். இப்போது அந்தப் பேட்டைக்கே நான்தான் புட்டா சப்ளை. ஸ்வீட் கார்னைவிட முற்றலான சாதாரண மக்காச்சோளம்தான் வாட்டுவதற்கு நல்லது என்பது அவர்கள் கட்சி. மெரினாவில் வாட்டுகிற அம்மாவும் அதையேதான் சொல்வார்.

பள்ளத்துப் பாதி என்ன ஆனது என்று கேட்கவில்லையே. அங்கே ஆப்ரிகன் டால் என்ற தீவன மக்காச்சோளம். பக்கத்தில் அலமாதியிலேயே மத்திய அரசின் மண்டலத் தீவன நிலையம் இருக்கிறது, நாற்பது வயது வரை அந்தப் பலகையைத் தாண்டிப் போயிருக்கிறேன், உள்ளே என்ன என்று கேட்டதில்லை. இந்த ரகம் ஒட்டு இல்லை, கலவை ரகம் என்பதால் விதையை நாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஏக்கருக்கு 16 கிலோ, நெருக்கமாக. அறுபது, அறுபத்தைந்து நாளில் கதிர் பால் பிடிக்கும்போது அப்படியே அறுத்துக் கொடுத்துவிடலாம். காய வைக்கவும் வேண்டாம், ஈரம் பார்க்கவும் வேண்டாம். பால்காரர்கள் கழனிக்கே வந்து கட்டுக் கட்டாக எடுக்கிறார்கள். இளம் சோளத் தட்டையைத் தின்று மாடு சாகும் என்ற பயம் நம் பக்கம் எல்லாருக்கும் உண்டு. அது நியாயமான பயம், அதில் நஞ்சு உண்டு. மக்காச்சோளத்தில் அந்த நஞ்சு கிடையாது. இதைப் புரியவைக்க மட்டும் எனக்கு ஒரு மாதம் ஆனது. பெயரில் சோளம் இருக்கிறதே!

ஒரு ஜாக்கிரதை. ஸ்வீட் கார்னும் தீவனமும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நேரத்தில் பூக்கக் கூடாது. தீவனத்தின் மகரந்தம் ஸ்வீட் கார்ன் நூலில் விழுந்தால் அந்த முத்து அந்த வருடமே மாவு முத்தாகிவிடும், அடுத்த தலைமுறைக்கெல்லாம் காத்திருக்காது. நான் தையில் இரண்டையும் சேர்த்தே போட இருந்தேன். விதை கைக்கு வரத் தாமதமானதால் தப்பித்தேன், அறிவால் இல்லை.

இப்போது சுற்று ஒரு மாதிரி அமைந்துவிட்டது. தையில் மேட்டில் ஸ்வீட் கார்ன். ஆனியில் காணி முழுக்கத் தீவனம். ஆவணிக் கடைசியில் அதை அறுத்து, விற்றது போக மீதியைப் பொடியாக வெட்டி, பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் மிதித்து அடைத்துவிடுகிறேன். ஊறுகாய்ப் புல். ஒன்றரை மாதத்தில் புளித்த வாசனை வரும். ஐப்பசி, கார்த்திகையில் ஊரே தண்ணீரில் கிடக்கும்போது மாட்டுக்குப் பச்சை அதுதான், அப்போது அதற்கு வருகிற மரியாதையே தனி. புரட்டாசியில் கழனியில் நெல் நாற்று இறங்கிவிடும், டி.கே.எம் 13. மழை மாதம் நெல்லுக்கு, வெயில் மாதம் சோளத்துக்கு. அப்பா முகத்திலிருந்த மௌனமும் போய்விட்டது. சித்தப்பா தன் கழனியிலும் பத்து சென்ட் தீவனம் போட்டிருக்கிறார், விதை என்னிடம் வாங்கியது, காசு இன்னும் வரவில்லை.

எத்தனால் ஆலைகளுக்கும் மக்காச்சோளம் போகிறது, ஆதரவு விலையும் 2025-26-க்கு 2,400 ஆகிவிட்டது, மறுபடியும் தானியம் போடேன் என்று நண்பன் ஒருவன் தினம் செய்தி அனுப்புகிறான். பெரம்பலூர்க்காரன் போடட்டும். என் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் மழைக்கும் அது ஒத்துவராது.

மொபைல் ஸ்டார்ட்டரை இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் பூ வாரத்துக்கு லீவு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆறு நாள், காரணம் 'குடும்ப நிகழ்ச்சி'. சூப்பர்வைசர் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். இன்று காலை பொறியில் இரண்டு அந்து. நேற்று ஒன்று. புர்ணியா பையனுக்கும் நாளைக்கு வார விடுமுறை, ஆறு மணிக்குக் காரனோடை பாலத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். குருத்தைப் பிரித்துப் பார்க்க இரண்டு பேர் இருந்தால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம்.